வாக்கியமா, திருக்கணிதமா, ஆப்பா? எந்தக் கணக்கை எதற்கு நம்பலாம்

2023 ஜனவரி 17 அன்று சனி கும்பத்துக்குள் நுழைந்துவிட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் எழுதின. காரைக்கால் பக்கம் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்ததோ அதே வருஷம் டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம். அடுத்த பெயர்ச்சியிலும் அதே கதைதான். 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதம்; எங்கள் கோயிலில் வாக்கிய முறை, அதன்படி 2026தான் என்று திருநள்ளாற்றில் அறிவித்தார்கள். வானத்தில் இருப்பது ஒரே சனி.

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், சுவரில் தினசரி காலண்டர், பூஜை அறையில் பஞ்சாங்கம், கையில் ஆப் என்று மூன்று இருக்கும். மூன்றும் மூன்று நேரம் சொல்லும். எதை வாங்குவது, எதைப் பார்த்து நாள் குறிப்பது என்ற கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில் "உங்கள் குல வழக்கம் எதுவோ அது" அல்லது "விஞ்ஞானப்படி திருக்கணிதம்தான்" என்பது. இரண்டுமே அரைப் பதில். பஞ்சாங்கத்தில் இரண்டு வகைச் செய்திகள் கலந்திருக்கின்றன. கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்பது ஒரு வகை; கணக்கு தப்பினால் அன்றைக்கே வானம் காட்டிக்கொடுத்துவிடும். ராசியின் எல்லைக்கோடு எங்கே என்பது இன்னொரு வகை. அந்தக் கோடு மனிதர் போட்டது, வானத்துக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் எந்தப் பஞ்சாங்கம் சரி என்று சண்டை போட்டால் அது முடியவே முடியாது.

வாக்கியம்: சோழியும் மனப்பாடமும்

வாக்கிய முறையின் இதயம் 248 சொற்றொடர்கள். நிலா பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் புள்ளியிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் என்று 248 நாள் வரை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை ஒவ்வொரு வாக்கியமும் சொல்லும். எண்களை நேரடியாகச் சொல்லாமல் எழுத்துகளில் ஒளித்திருப்பார்கள். கடைசி வாக்கியம் 'பவேத் ஸுகம்'. வடமொழி எழுத்து வரிசையில் 'ப' வர்க்கத்தின் நான்காம் எழுத்துக்கு 4, 'வ'வுக்கு 4, 'ஸ'வுக்கு 7, 'க' வர்க்கத்தின் இரண்டாம் எழுத்துக்கு 2. உயிரில்லாத 'த்' கணக்கில் வராது. வலமிருந்து இடமாகப் படித்தால் 2744, அதாவது 27 பாகை 44 கலை (60 கலை ஒரு பாகை). 248 நாளில் நிலா ஒன்பது முழுச் சுற்று முடித்து மேலும் நகர்ந்திருக்கும் தூரம் அது. நிலாவின் இன்றைய சராசரி வேகத்தை 248-ஆல் பெருக்கிப் பார்த்தாலும் 27 பாகை 44 கலையும் சொச்சமும்தான் வருகிறது.

ஏன் 248? நிலா தொலைப்புள்ளியிலிருந்து மறுபடி தொலைப்புள்ளிக்கு வர 27.55455 நாள் ஆகிறது. இதன் ஒன்பது மடங்கு 247.991. முழு எண்ணுக்கு 13 நிமிடம்தான் குறைவு. அந்த 13 நிமிடம் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும் என்று தெரிந்துதான் அடுத்த எண்ணாக 3031 நாளை வைத்தார்கள்; அது 110 மடங்கு. அதற்கு அடுத்தது 12372 நாள், 449 மடங்கு. கலியுகம் தொடங்கி இன்று வரை எத்தனை நாள் என்று எடுத்து, நூலில் குறித்த தொடக்க நாளைக் கழித்து, மீதியை 12372-ஆல் வகுக்க வேண்டும். அதில் மீந்ததை 3031-ஆல், அதிலும் மீந்ததை 248-ஆல். கடைசியில் எத்தனை மிஞ்சுகிறதோ அத்தனையாவது வாக்கியத்தைச் சொல்லி, ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் உரிய நிலைத்தொகையைக் கூட்டினால் அன்றைய சூரிய உதயத்தில் நிலா இருக்கும் இடம் வந்துவிடும். சைன் அட்டவணை வேண்டாம், காகிதம்கூட வேண்டாம். தரையில் சோழி பரப்பியே போட்டுவிடலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே சரிபார்க்கலாம். 27.55455-ஐத் தொடர்பின்னமாக எழுதினால் 55/2, 248/9, 3031/110 என்று வரிசையாக வரும். 12 × 248 + 55 = 3031. 4 × 3031 + 248 = 12372. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய அளவோடு ஒப்பிட்டால் 3031 நாள் வெறும் 42 விநாடிதான் தப்புகிறது. அதைவிட நுட்பமானதாக இருக்க வேண்டிய 12372 பத்து நிமிடம் தப்புகிறது. காரணம், தொடர்பின்னம் துரத்தியது பழைய ஆசிரியர்கள் கையில் இருந்த மாத அளவை. அந்த அளவு தசமத்தின் ஐந்தாம் இடத்தில் கொஞ்சம் பிசகு. 3031 வரை வானத்தோடு ஒட்டி வந்த கணக்கு, அதற்கப்புறம் தன்னுடைய எண்ணோடு மட்டும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. கணிதத்தில் ஒரு தவறும் இல்லை. வகுத்தல் எல்லாம் சுத்தம்.

எங்கே சரி, எங்கே தப்பு

வாக்கிய நிலா எல்லா நாளும் ஒரே அளவில் தப்புவதில்லை. வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலா ஒரே வேகத்தில் போவதில்லை என்பதற்காக ஆர்யபடர் எழுதிய ஆர்யபடீயம் ஒரு சிறு வட்டத்தைச் சேர்க்கிறது. பெரிய வட்டம் 360 என்றால் அது 31½. அதனால் வரும் அதிகபட்சத் திருத்தம் 5 பாகை 1 கலை. இன்றைய வானியலில் அதே திருத்தம் 6.29 பாகை. 'ஒன்றேகால் பாகை கோட்டை விட்டார்களே' என்று தோன்றும். ஆனால் சூரியனுடைய ஈர்ப்பால் நிலாவுக்கு இரண்டாவதாக ஒரு திருத்தம் உண்டு, 1.27 பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது முதல் திருத்தத்துக்கு எதிராக நிற்கும்: 6.29 கழித்தல் 1.27, அதாவது 5.02. பழைய எண் அச்சாக அங்கே வந்து உட்காருகிறது. அஷ்டமியிலோ இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்: 7.56. அங்கே பழைய கணக்கு இரண்டரை பாகை வரை தப்பும். ஐந்து நிலாவை வரிசையாக ஒட்டி வைத்த தூரம் அது. நேரத்தில் சொன்னால் திதியில் ஐந்து மணி.

பழையவர்கள் கணக்கைச் சோதித்தது கிரகணத்தில். கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும். சோதித்த இடத்தில் கணக்கு கச்சிதம். சோதிக்காத அஷ்டமியில் பிழை நூற்றாண்டுக் கணக்கில் சத்தம் போடாமல் படுத்துக் கிடந்தது. திதியின் நீளத்திலும் இதைப் பார்க்கலாம். 'பாண விருத்தி, ரஸ க்ஷயம்' என்பது வாக்கியக்காரர்களின் விதி. பாணம் 5, ரஸம் 6. 60 நாழிகையிலிருந்து (ஒரு நாழிகை 24 நிமிடம்) ஐந்து கூடி 65 வரை போகலாம், ஆறு குறைந்து 54 வரை வரலாம். வானத்தில் உண்மையாக நடப்பது ஏறத்தாழ 50 முதல் 67 நாழிகை வரை.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்ட்டி, இங்கே தமிழர்களின் கிரகணக் கணக்கைப் பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்தது. ஐரோப்பாவில் அப்போது மதிக்கப்பட்ட மேயர் அட்டவணை 68 விநாடி கூட்டியது. இந்தச் செய்தி மேடைகளில் அடிக்கடி வரும். ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில் உள்ளது அவ்வளவாக வராது. புதுச்சேரியில் குடியிருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி வைத்து, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லி, 1825 மே 31 இரவின் கிரகணத்தைப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நியாயம். முன்னது ஓரளவு அதிர்ஷ்டம். பின்னது, பல நூறு வருஷத்துப் பழைய எண்களைத் திருத்தாமல் ஓட்டினால் பௌர்ணமியில்கூட எவ்வளவு விலகும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

திருத்தியவர்களும் இருந்தார்கள். கேரளத்தில் பரமேஸ்வரர் பல பத்தாண்டு கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, 1431-இல் த்ருக்கணித முறையை அமைத்தார். மாதவர் அதே 248 வாக்கியங்களை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை நுட்பமாக்கினார். ஆகவே 'பழசு' என்றால் 'திருத்தாதது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கு வருவோம். நிலாவில் மணிக்கணக்கு, சனியில் ஏன் மாதக்கணக்கு? ஆர்யபடீய எண்களை வகுத்தால் சனியின் ஒரு சுற்று 10766.06 நாள். உண்மையில் 10759.2. சுற்றுக்கு ஏறத்தாழ ஏழு நாள் தாமதம். ஆர்யபடர் வாழ்ந்த கி.பி. 499-இலிருந்து 2023 வரை சனி ஐம்பத்தொன்றரைச் சுற்றுக்கு மேல் போட்டுவிட்டது. பெருக்கினால் 350 நாளை ஒட்டி வருகிறது. இன்றைய வாக்கியப் பஞ்சாங்கங்களில் இடைக்காலத் திருத்தங்களும் கலந்திருப்பதால் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் பதினோரு மாதம் என்பது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரிகிறது. போதாததற்கு வியாழனும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதால் ஏறத்தாழ 900 வருஷத்தில் ஒரு முறை ஏறி இறங்கும் ஊசலாட்டம் ஒன்றும் உண்டு. 1785 வாக்கில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் விளக்கும் வரை அதன் காரணம் யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் 20 அன்று சனி கும்பத்துக்குள் சுமார் 8 பாகை போயிருந்தது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 பாகை. அதற்குச் சற்றுக் குறைவு.

திருக்கணிதம்

பலரும் 'திரு' என்பதை மரியாதைச் சொல்லாக நினைக்கிறார்கள். அது 'த்ருக்', பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் கணிதம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி இந்த முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். தொலைநோக்கியில் கண் வைத்தவருக்குப் பழைய எண்ணோடு குடித்தனம் நடத்த முடியாமல் போனது இயல்புதான்.

இன்று விற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் லாஹிரி அயனாம்சத்தைப் பின்பற்றுகின்றன. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து ராசிச் சக்கரத்தின் தொடக்கக் கோடு எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பதுதான் அயனாம்சம். மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று அதை வரையறுத்தது. இந்த 23 பாகை 15 கலை கண்டுபிடிப்பு இல்லை, தீர்மானம். சித்திரை நட்சத்திரம் 180 பாகையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டதன் விளைவு. திருக்கணிதம் என்பதால் எல்லாமே கண்ணுக்குத் தெரிவது என்று நம்பிவிட வேண்டாம். உத்தராயணம் தை முதல் தேதி என்று அதிலும் போட்டிருக்கும். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. அங்கே வாக்கியமும் திருக்கணிதமும் கூட்டாளிகள்.

அச்சுப் பஞ்சாங்கத்தில் இன்னொரு சிக்கல், அது எந்த ஊருக்குப் போட்டது என்பது. முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குமுன் அதைப் பாருங்கள். சென்னைக்குப் போட்டதென்றால் கவலை இல்லை. டிசம்பரில் இரண்டு ஊருக்கும் சூரிய உதயம் கிட்டத்தட்ட ஒன்று, ஜூனில் புதுச்சேரிக்கு 4 நிமிடம் தாமதம். கொல்கத்தாவிலிருந்து வரும் அரசின் ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் நாட்டின் நடுவில், 82½ பாகைத் தீர்க்கரேகையில், ஒரு கற்பனை ஊரை மையமாக வைக்கிறது. அதன் உதயத்துக்குப் புதுச்சேரி உதயம் ஜூனில் 32 நிமிடம் பின்தங்கும், டிசம்பரில் 11 நிமிடம் முந்தும். உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறவர்கள் இதைத் திருத்தாமல் விட்டால் ஜூனில் ஒன்றே கால் நாழிகைக்கு மேல் போய்விடும்.

கடற்கரைச் சாலையில் நின்று உதயம் பார்த்து மணியைச் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்று ஒளியை வளைப்பதால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே மேல் விளிம்பு தெரிந்துவிடும். வளைவு 34 கலை, சூரியனின் பாதி 16 கலை, மொத்தம் 50. நேரத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். காற்றின் வளைவை விட்டுவிட்டுச் சூரியனின் மையத்தைக் கணக்கெடுக்கும் பஞ்சாங்கம் அவ்வளவு தாமதமாகத்தான் சொல்லும். அது பிழை இல்லை, உதயம் என்ற சொல்லுக்கு வேறு பொருள்.

ஆப்

நல்ல ஆப்களின் அடியில் ஓடுவது பெரும்பாலும் ஸ்விஸ் எஃபெமெரிஸ் போன்ற ஒரு கணக்கு நூலகம். அதன் அடியில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் கிரக அட்டவணை. 1969 முதல் நிலாவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளி பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து அந்த அட்டவணையைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். வாக்கியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேதான் பார்க்கிறேன். இரண்டும் எண்களைப் பொருத்தி எடுத்தவைதான். ஒன்றில் பொருத்துவதை நிறுத்திவிட்டார்கள், இன்னொன்றில் நிறுத்தவில்லை.

கிரகணம், உதயம், நிலா எழும் நேரம் எதுவானாலும் ஆப்தான். உங்கள் ஊரின் அட்சரேகையை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அமைப்புகளுக்குள் போய் மூன்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, அயனாம்சம். லாஹிரியா ராமனா என்று கேட்கும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை பாகைக்குச் சற்றுக் குறைவு. நிலா நட்சத்திரம் மாறும் நேரம் இதனால் இரண்டரை மணிக்கு மேல் நகரும், மாதப் பிறப்பு ஒன்றரை நாள் நகரும், சனிப்பெயர்ச்சி சராசரியாக ஒன்றரை மாதம் நகரும். வானத்தில் எதுவும் அசையவில்லை. கோடு மட்டும் தள்ளிப் போட்டாயிற்று. திதி மட்டும் அசையாது, ஏனென்றால் திதி என்பது நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம். கழிக்கும்போது அயனாம்சம் அடிபட்டுப் போகும். இரண்டு ஆப் திதியில் ஒத்துப்போய் நட்சத்திரத்தில் மாறுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதா, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்தா. பஞ்சாங்க மரபு மையத்திலிருந்து. தப்பி மற்றதைத் தேர்ந்தெடுத்தால் நிலா ஒரு பாகை வரை இடம் மாறும். திதி இரண்டு மணி வரை பிசகும். மூன்றாவது, ஊர். கைபேசியின் இட வசதி அணைந்திருந்தால் சில ஆப்கள் டெல்லியையோ உஜ்ஜயினியையோ வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

தினசரி காலண்டர்களும் பல அச்சுப் பஞ்சாங்கங்களும் சேர்ந்து செய்கிற ஒரு தவறும் இருக்கிறது. திங்கட்கிழமை ராகு காலம் 7:30 முதல் 9 என்று தினசரி காலண்டரில் அச்சடித்திருப்பது, உதயம் 6 மணி, பகல் 12 மணி என்று வைத்துக்கொண்டதன் பலன். தை மாதப் புதுச்சேரியில் உதயம் 6:35. பகலை எட்டாகப் பிரித்தால் ராகு காலம் தொடங்குவது சுமார் 8 மணிக்கு. ராகு காலம் பார்க்கிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை என்பதும், அதனால் யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை என்பதும் தனி விஷயம்.

எதற்கு எது

மாசி மகம், அமாவாசைத் தர்ப்பணம், பௌர்ணமி பூஜை: எது கையில் இருக்கிறதோ அது போதும். வைத்திக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அங்கே வாக்கியப் பிழை அடங்கிவிடும். திதி தொடங்குவதோ முடிவதோ உதயத்தையோ பிற்பகலையோ உரசிக்கொண்டு நின்றால் மட்டும் நாள் மாறும். அப்போது உங்கள் வீட்டுப் புரோகிதர் எதைப் பார்க்கிறாரோ அதையே பாருங்கள், ஏனென்றால் நாள் குறித்தது அவர். பாதி வாக்கியம் பாதி திருக்கணிதம் என்று கலந்து கட்டினால்தான் உண்மையான குழப்பம் வரும்.

கோகுலாஷ்டமி மாதிரி அஷ்டமியைப் பிடித்து வரும் நாட்களில் வாக்கியமும் திருக்கணிதமும் முட்டிக்கொள்ளும். திதியில் ஐந்து மணி வித்தியாசம் வரக்கூடிய இடம் அது. நள்ளிரவில் அஷ்டமி வேண்டுமா, உதயத்தில் வேண்டுமா, ரோகிணி சேர வேண்டுமா என்ற சம்பிரதாய வித்தியாசமும் அதன் மேல் ஏறிக்கொள்வதால் இரண்டு நாள் கொண்டாடுவதற்கு எல்லாப் பழியையும் கணக்கின் மேல் போட முடியாது. நிலா அன்று உண்மையில் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றால் திருக்கணிதம்.

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகிறவர்கள் கோயில் சொல்லும் தேதிக்குத்தான் போக வேண்டும், விழா அன்றுதான். அது வழிபாட்டு நாள், ஊர் கூடி வைத்துக்கொண்ட நாள். அந்தத் தேதியில் சனி ராசி மாறுவதாகப் பிள்ளைகளுக்கு வானியல் பாடமாகச் சொல்லாமல் இருந்தால் போதும்.

கிரகணத்துக்கு வாக்கியம் வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கம் போடுகிறவர்களே கிரகணத்தை மட்டும் நவீன கணக்கிலிருந்து எடுத்துப் போடுவது பரவலான வழக்கம், அவர்களுக்கும் தெரியும். 2025 செப்டம்பர் 7 இரவு கிரகணத்தில் நிலா முழுதாக மறைந்திருந்தது 11 மணியிலிருந்து 12:22 வரை, 82 நிமிடம். 1825-இன் 52 நிமிடப் பிழை அங்கே வந்திருந்தால் தெருவில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள்.

கடலுக்கு எந்தப் பஞ்சாங்கமும் போதாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிது, அஷ்டமியை ஒட்டிச் சிறிது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அவ்வளவுதான் திதியைப் பார்த்துச் சொல்ல முடியும். கடலூர் முகத்துவாரத்தில் படகு தரை தட்டாமல் நுழைய இந்தியச் சர்வே துறையின் ஓத அட்டவணை வேண்டும். அதுவும் காற்றும் ஆற்று வெள்ளமும் சேராத நாளில்தான் பொருந்தும்.

சந்தேகம் இருந்தால் ஒரு நூல்

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம் என்பவர்கள், பள்ளியில் வானியல் மன்றம் நடத்துபவர்கள், ஒரு முழ நூலை வைத்துத் தாங்களே சோதிக்கலாம். இதற்கு ஏற்ற விண்மீன் சித்திரை. லாஹிரி கணக்கில் சித்திரை நட்சத்திரப் பகுதியின் நட்ட நடுவில் அந்த விண்மீன் நிற்கிறது. பஞ்சாங்கத்தில் சித்திரை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எடுத்து நடுவைக் கண்டுபிடித்தால், நிலா அந்த விண்மீனுக்கு நேராக வரும் நேரம் கிடைக்கும். வாக்கியத்திலும் திருக்கணிதத்திலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிழை பெரிதாகத் தெரிய அரை நிலா வேண்டும். ஆனி கடைசி, ஆடி முதலில் வளர்பிறை அரை நிலா சித்திரைக்குப் பக்கத்தில் மாலையில் இருக்கும். அரை நிலாவின் நேர் விளிம்பின் மேல் நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த விளிம்பு ராசிச் சக்கரத்துக்குச் செங்குத்து. நூல் நீண்டு சித்திரை மேல் விழும் கணத்தில் இரண்டும் ஒரே பாகை. அந்தக் கணம் பகலில் வருவதாக இருந்தால் பரவாயில்லை, இருட்டியதும் பார்த்து நூலுக்கும் விண்மீனுக்கும் இடையே எத்தனை நிலா அகலம் என்று எண்ணுங்கள். மணிக்கு ஏறத்தாழ ஒரு அகலம். நிலா உச்சியை ஒட்டி இருக்கும் முதல் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மேற்கே சரியச் சரிய, நாம் பூமியின் மையத்தில் இல்லாமல் மேல்பரப்பில் நிற்பதால் வரும் இடமாற்றம் ராசிச் சக்கரத்தின் திசையில் கூடிவிடும்.

இரண்டு பஞ்சாங்கமும் அன்று ஒரே நேரம் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். நிலா அன்று தொலைப்புள்ளியிலோ அருகுப்புள்ளியிலோ இருக்கலாம். அங்கே இரண்டு திருத்தமும் பூஜ்யம், வித்தியாசமே வராது. ஆப்பில் அந்த இரண்டு தேதிகளையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் விழும் வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மேகம் வேறு. 1769 ஜூன் 4 காலை, எட்டு வருஷம் காத்திருந்த லெ ஜான்ட்டிக்குப் புதுச்சேரி வானம் வெள்ளியைக் காட்டவே இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆடி மாலையிலும் மேற்கிலிருந்து இடிமேகம் ஏறி வரலாம். தை பிறப்பதை ஒட்டிய தேய்பிறை அரை நிலாவும் சித்திரைக்குப் பக்கத்தில்தான் வரும். விடியற்காலை ஐந்தரை மணி, மொட்டை மாடி, தலைக்குத் துண்டு.